முதலில் யாருக்கு?

2020 மார்ச்சில் பல்கலைக்கழகத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கேமரன் மலைக்கு வந்துவிட்டேன். அப்போது பொறியியல் கடைசி வருடம். நான் பிறந்து வளர்ந்தது அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பமானது. காய்கறித் தோட்டக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் விளைந்ததைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு புது வேலை கிடைத்தது. பசியாறி முடிக்கும் நேரத்துக்கு யாராவது ஒருவர் கைப்பேசியோடு வாசலில் வந்து நிற்பார்.

“தம்பி, நீ படிச்ச பையன். இதக் கேட்டுப் பார்த்து உண்மையா பொய்யான்னு சொல்லு.”

புலனத்தில் வந்த குரல் பதிவுகள். பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நோய் இல்லை. சுடுதண்ணீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் போய்ச் செத்துவிடும். பாதிப் பதிவுகள் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: “சீனாவுல இருக்கிற டாக்டரே சொல்றாரு…” அந்தச் சீன டாக்டர் சுத்தமான மதுரைத் தமிழில் பேசினார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவரை முழுதாக நம்பினார். நான் “பொய், பெரியம்மா” என்றேன். “அப்ப உண்மை என்னான்னு சொல்லு” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இத்தனைக்கும் உண்மையான சீன டாக்டர்கள் எழுதியது அதற்கு ஒரு மாதம் முன்பே வெளியாகித் திறந்து கிடந்தது. பிப்ரவரி 17-ஆம் தேதி, 72,314 பேரின் பதிவுகளை வைத்துச் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதிய கட்டுரை அது. உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 44,672 பேரில் இறந்தவர்கள் 1,023. நூற்றுக்கு 2.3. ஆனால் எண்பது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 14.8. பெரியம்மாவின் மாமியார் அப்போது எண்பதைத் தாண்டியவர். அந்த வீட்டுக்கு அந்த ஒரு எண் போதும். யாரைத் தனி அறையில் வைக்க வேண்டும், யார் பாசாருக்குப் போகக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்திருப்பார்கள். காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம் என்றிருந்த அந்தக் கட்டுரையை நான் படித்தது இரண்டு வருடம் கழித்து.

இப்போது ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. இயந்திரத்தில் ஆபத்தான கோளாறு கண்டால் முதலில் அதன் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்ல வேண்டும். அவனுக்குப் புரிகிற மொழியில், கத்தியாவது சொல்ல வேண்டும். அடுத்து சூப்பர்வைசர். அறிக்கை எழுதுவது அதற்கும் பிறகு. அறிக்கையை அழகாக எழுதி முடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று இருந்தால் அதற்குள் ஒருவனுடைய கை போயிருக்கும்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஆய்விதழ்கள் எவ்வளவு வேகமாகக் கட்டுரை போட்டன என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வழக்கமாக மாதக்கணக்கில் நடக்கும் மதிப்பீட்டை நாட்கணக்கில் முடித்தார்கள், மதிப்பீடே இல்லாமல் முன்னச்சு போட்டார்கள் என்று வியந்தும் திட்டியும் எழுதினார்கள். என் கேள்வி வேகத்தைப் பற்றியது இல்லை. இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனுக்கு யார் சொன்னார்கள்?

*

இந்தக் கேள்வியை என்னைவிடக் கோபமாகக் கேட்டவர்கள் சீனர்கள்தான். நம் ஆட்களுக்கு இந்தக் கதை சரியாகத் தெரியாது. “சீனாக்காரன் எல்லாத்தையும் மறைச்சிட்டான்” என்பதோடு நம் அறிவு முடிந்துவிடும். நானும் ஒரு காலத்தில் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

2020 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. வூஹானின் முதல் 425 நோயாளிகளைப் பற்றியது. எழுதியவர்களில் சீன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவரும் ஒருவர். நெருங்கிப் பழகியவர்களிடையே டிசம்பர் நடுப்பகுதியிலிருந்தே மனிதருக்கு மனிதர் தொற்றியதற்கு ஆதாரம் இருக்கிறது என்று அதில் இருந்தது. மனிதருக்கு மனிதர் தொற்றும் என்று சீன மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டதோ ஜனவரி 20-இல். வெய்போவில் மக்கள் கொதித்துப் போனார்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டியதை அமெரிக்க இதழுக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார்கள். மையமும் பதில் சொன்னது: ஜனவரி 23 வரை பதிவானவர்களின் விவரங்களைப் பின்னோக்கிப் பார்த்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை, டிசம்பரிலேயே தெரிந்து மறைத்தது கிடையாது. அந்தப் பதிலில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு அது பதிலாகவில்லை.

அதே நாட்களில் சீன அறிவியல் தொழில்நுட்ப அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. கட்டுரைகளைத் தாய்நாட்டு மண்ணில் எழுதுங்கள், நோயை அடக்கும் வேலை முடியும்வரை கட்டுரை வெளியிடுவதில் சக்தியைச் செலவழிக்காதீர்கள் என்றது. இதை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். இரண்டும் சரி என்றும் நினைக்கிறேன்.

முதலில் நல்ல விதம். சீன மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் கொரோனா கட்டுரைகளை அச்சு இதழுக்குக் காத்திருக்காமல் உடனுக்குடன் இணையத்தில் ஏற்றின. அமைச்சுகளும் சங்கமும் சேர்ந்து ஒரு பொதுத் தளம் அமைத்தன. மே 31 வரையில் 104 இதழ்களும் 970 கட்டுரைகளும் அறிக்கைகளும் அதில் ஏறியதாக அரசின் வெள்ளை அறிக்கை சொல்கிறது. எல்லாமே இலவசம். நான் மேலே சொன்ன 72,314 பேர் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீன மொழியில் சீனத் தொற்றுநோயியல் இதழிலும், ஆங்கிலத்தில் சைனா சிடிசி வீக்லியிலும் வந்தது. இந்த வீக்லி 2019 நவம்பரில்தான் தொடங்கப்பட்டது. மூன்று மாதக் குழந்தை. அந்தக் குழந்தையிடம்தான் நாட்டின் மிகப் பெரிய தரவைக் கொடுத்தார்கள். லான்செட் வாங்கியிருக்காதா? ஓடி வந்து வாங்கியிருக்கும். ஏதோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஒரு டாக்டர் தன் மொழியில் அந்த அட்டவணையைப் பார்க்க முடிந்தது. அதே பிப்ரவரியில் இன்னொரு விதியும் வந்தது. ஆராய்ச்சியாளர்களைத் தரம் பார்க்கும்போது அவர்கள் காட்டும் கட்டுரைகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உள்நாட்டு இதழ்களில் வந்ததாக இருக்க வேண்டும்.

இனி கெட்ட விதம். ‘இப்போது வெளியிட வேண்டாம்’ என்ற வார்த்தை அதிகாரியின் வாயில் ‘எப்போதும் வெளியிடாதே’ என்று ஆகிவிடும். வைரஸின் மரபணு வரிசையை ஜனவரி 11-இல் உலகத்துக்குத் திறந்து வைத்தது ஷாங்காயின் சாங் யோங்சென் குழு. மறுநாளே அவருடைய ஆய்வுக்கூடத்தைச் ‘சீர்திருத்தத்துக்காக’ மூடினார்கள். ஏப்ரலில், வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிய கட்டுரைகளை மேலிடம் பார்த்து அனுமதித்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்ற அறிவிப்பு இரண்டு பல்கலைக்கழகத் தளங்களில் தோன்றி மறைந்தது. இதற்குப் பழைய பாரம்பரியமும் உண்டு. 2003-இல் சார்ஸ் வந்தபோது, பெய்ஜிங் ராணுவ ஆய்வுக்கூடத்தில் கொரோனா வைரஸை ஒரு குழு உலகத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. ஆனால் ஒரு பெரிய மனிதர் இது கிளமிடியா என்று சொல்லியிருந்தார். பெரியவரை மறுத்துப் பேச யாரும் துணியவில்லை. நோய் தவறான பெயரோடு வாரக்கணக்கில் நடமாடியது.

அந்தத் தவறான பெயரை மறந்துவிடாதீர்கள். அது நம் ஊர்க் கதையும்தான்.

*

என் சின்ன மாமா 1997-இல் தோட்டத்தை விட்டு இறங்கி ஈப்போ பக்கம் ஒரு பன்றிப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். தேயிலையைவிடச் சம்பளம் கூட. வீட்டில் யாரிடமும் என்ன வேலை என்று சொல்லவில்லை. 1998 கடைசியில் அந்த வட்டாரத்தில் பண்ணை ஆட்கள் காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். தலைவலி, நினைவு தப்புதல், கோமா. பெயர் என்ன? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசு பரப்புவது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

மாமா சொல்வார்: “பன்னி எல்லாம் இருமும்டா. ஒரு மைலுக்கு அப்பால இருந்து கேக்கும். இருமின பன்னியத் தூக்கினவனுக்குத்தான் காய்ச்சல். ஊசி போட்டவனுக்கும் வந்துச்சு. கொசு கடிச்சா சின்னப் பிள்ளைங்களுக்கும் வரணும்ல? வரலையே. எங்களுக்குத் தெரிஞ்சுது. யாரு கேட்டா?”

மாமா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவர் சொன்ன அத்தனையும் பின்னர் வந்த ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன. நோயாளிகள் பெரும்பாலும் வயது வந்த ஆண்கள், பன்றியோடு நேரடித் தொடர்புள்ளவர்கள், தடுப்பூசி போட்டவர்களும் அதில் உண்டு. ‘ஒரு மைல் இருமல்’ என்ற பண்ணைக்காரர்களின் பெயர்கூட ஆங்கிலக் கட்டுரைகளுக்குள் ஏறிவிட்டது. நோய் நெகிரி செம்பிலானின் சிக்காமாட்டுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் பரவியது. 1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த முதுகுத்தண்டு நீரிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தார். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கிராமத்தின் பெயரையே வைத்தார்கள்: நிப்பா. மொத்தம் 265 பேருக்கு வந்தது, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். இறந்தவர்களில் சீனர்களே அதிகம். அடுத்து நம் ஆட்கள், மாமா மாதிரிப் பண்ணைக் கூலிகள்.

இப்போது வரிசையைப் பாருங்கள். வைரஸ் தெரிந்த பிறகு ஏப்ரல் 9-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் முதல் விரிவான அறிக்கை. அக்டோபரில் லான்செட். அடுத்த வருடம் நியூ இங்கிலாந்து இதழ், சயின்ஸ். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இங்கேயும் ஓர் இதழ் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக நரம்பியலாளர்கள் நடத்திய, தென்கிழக்காசிய நரம்பியல் இதழ் என்ற சின்ன இதழ். அதே 1999-இல் நிப்பாவைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் போட்டது. நோயாளிகளை நேரில் பார்த்த டாக்டர்கள் தங்கள் கைக்கெட்டிய இதழில் எழுதினார்கள். இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகள் அவை. சின்ன இதழ் என்ன செய்ய முடியும் என்று கேட்கும் சிற்றிதழ் வாசகர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஆனால் அதுவும் ஆங்கிலம். மாமாவுக்கு நிப்பா என்ற பெயர் எப்போது தெரிந்தது என்று கேட்டேன். பன்றிகளைச் சுட ராணுவம் வந்தபோது என்றார். எப்படித் தொற்றியது, தனக்கு ஏன் வரவில்லை, இனிமேல் வருமா என்பதெல்லாம் இருபது வருடமாக அவருக்குத் தெரியாது. ஒரு வருடப்பிறப்புக்கு வீட்டுக்குப் போனபோது நான்தான் சொன்னேன். பாயில் உட்கார்ந்து, அந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இத அப்பவே ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருந்தா நான் எத்தன ராத்திரி தூங்கியிருப்பேன்” என்றார்.

*

இப்போது நம்மிடம் வருகிறேன். ‘நம்’ என்பது இந்த மாதிரி இணைய இதழ்களில் எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள்.

சீன விஞ்ஞானியின் வாயைப் பொத்தினார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். சரி, கோபப்பட வேண்டியதுதான். ஆனால் பொத்துவதற்கு அங்கே ஒரு வாய் இருந்தது. தமிழில் தொற்றுநோய் பற்றி எழுதாதே என்று எந்த அரசும் எனக்குத் தடை போடவில்லை. போட வேண்டிய அவசியமே வரவில்லை. நாம்தான் எழுதவில்லையே.

அந்த இரண்டு வருடத்தில் மலேசியத் தமிழில் இணையத்தில் வந்தவற்றில் என் கண்ணில் பட்டதெல்லாம் கவிதை, தனிமைக் குறிப்பு, ஜூம் சந்திப்பு அழைப்பிதழ். சன்னலைப் பற்றி மட்டும் எத்தனை கவிதைகள்! நானும் ஒன்று எழுதினேன். எந்த இதழும் போடவில்லை, அது அவர்கள் செய்த நல்ல காரியம். ஆனால் இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது, முகக்கவரி எங்கே உதவும், தடுப்பூசி உடம்பில் என்ன செய்கிறது என்று பெரியம்மாவிடம் படித்துக்காட்டக்கூடிய ஒரு பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் குரல் பதிவுச் சீன டாக்டர் எடுத்துக்கொண்டார். காலியாகக் கிடந்த நாற்காலி, உட்கார்ந்துவிட்டார்.

என் பங்கு இன்னும் மோசம். அந்த வருடம் என் இறுதி ஆண்டுத் திட்டம் ஒரு வெப்ப உணரி. தேயிலை உலர்த்தும் அறைக்காக ஆரம்பித்தது. என் மேற்பார்வையாளர் அதைக் காய்ச்சல் பார்க்கும் கருவியாக மாற்றச் சொன்னார். தலைப்பில் ‘கோவிட் 19’ என்று சேர்த்தோம். ஒரு மாநாட்டுத் தொகுப்பில் ஆங்கிலத்தில் வந்தது. அவருடைய வருடாந்திரக் கணக்கில் ஒரு புள்ளி ஏறியது, என் வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி. அந்தக் கருவி எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஒருநாள்கூட நிற்கவில்லை. அதை எழுதிய அதே மாதங்களில்தான் பெரியம்மா என்னிடம் உண்மை என்ன என்று கேட்டார். கணக்கில் ஏறுகிற கட்டுரைக்கு ஆறு வாரம் செலவழித்தேன். கேட்டவருக்கு ஒரு பக்கம் எழுத எனக்கு நேரமில்லை. வெய்போவில் அந்த விஞ்ஞானிகளைத் திட்டினார்களே, அந்தத் திட்டு என்னையும் சேரும்.

எதிர்வாதங்கள் தெரியும். நண்பர்களிடம் நிறையக் கேட்டிருக்கிறேன்.

‘அறிவியலின் மொழி ஆங்கிலம். பெரிய இதழில் வந்தால்தான் தரம்.’ 2020 மே 22-இல் லான்செட்டில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி உலகச் சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. தரவைச் சரிபார்க்கவே முடியவில்லை. ஜூன் 4-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவசரம் எந்த இதழையும் தடுக்கி விழ வைக்கும். விழுந்ததும் எழுந்து ‘தவறு’ என்று அதே இடத்தில் சொன்னதுதான் லான்செட்டுக்கும் புலனச் செய்திக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒழுக்கத்துக்கு ஆங்கிலம் தேவையில்லை. தேதியும் பெயரும் திருத்தும் மனசும் போதும்.

‘தமிழில் கலைச்சொல் இல்லை.’ 1850-களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் உடற்கூற்று நூலைத் தமிழில் கொண்டுவந்தார். பிறகு மருத்துவக் கல்வியையே தமிழுக்கு மாற்றினார். ஆயிரக்கணக்கான பக்கங்கள், தமிழில் படித்துத் தேறிய டாக்டர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் கற்று இதைச் செய்து நூற்றைம்பது வருடம் தாண்டிவிட்டது. நமக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லையாம்.

‘சுகாதார அமைச்சின் வேலையை இலக்கிய இதழ் ஏன் செய்ய வேண்டும்?’ இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும் வாதம். இந்த நாட்டில் தோட்டத்து வாழ்வை இலக்கியமாக்கியதில்தான் மலேசியத் தமிழ் எழுத்தே நிற்கிறது. ரப்பர் மரத்தடியில் விழுந்த ஆளைப் பற்றிக் கதை எழுதுவோம், பரிசு வாங்குவோம். அவன் விழாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அது எங்கள் துறை இல்லை என்போம். மாமா செத்திருந்தால் எனக்கு ஒரு நல்ல சிறுகதை கிடைத்திருக்கும். இந்தக் கணக்கு எனக்கு வேண்டாம்.

நிப்பா 2018 மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்தது. குடும்பத்தில் இரண்டாவது ஆள் நோயில் விழுந்தபோதே டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். மணிப்பால் ஆய்வுக்கூடமும் புனே ஆய்வுக்கூடமும் சில நாட்களில் பெயரைச் சொல்லிவிட்டன. சுகாதார அமைச்சர் சைலஜா மக்களிடம் மலையாளத்தில் பேசினார். அங்கேயும் சாவு நடந்தது, வதந்தியும் பரவியது. ஆனால் இங்கே ஐந்து மாதம் தவறான பெயரோடு திரிந்த நோய், அங்கே சில நாட்களில் சரியான பெயரோடு, சொந்த மொழியில் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. சீனா மாதிரி பெரிய அரசு வேண்டும், கட்டளை வேண்டும் என்பதெல்லாம் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

*

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ‘தமிழில், தமிழில்’ என்று எழுதிக்கொண்டே போகிறேன். எங்கள் தோட்டத்தில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் பங்களாதேஷிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். நம் பிள்ளைகள் என்னைப் போல இறங்கிப் போய்விட்டார்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதினால் இயந்திரத்தின் பக்கத்தில் இன்று நிற்பவனுக்கு அது எட்டாது.

ஆனால் அந்த இரண்டு வருடம் அவர்களுக்கு யார் சொன்னது தெரியுமா? எங்கள் மண்டோர். தமிழர், ஐம்பது வயதைத் தாண்டியவர். காலையில் பெரட்டுக்கு முன்னால் தனக்குத் தெரிந்த மலாயில், கை ஜாடையோடு சொல்வார். அவர் சொன்னதில் பாதி புலனத்தில் கேட்டது. சுடுதண்ணீர், மூச்சடக்கல், எல்லாமே. அவர் கையில் சரியான ஒரு தமிழ்ப் பக்கம் இருந்திருந்தால் சரியானது மலாய்க்குப் போயிருக்கும், மலாயிலிருந்து வங்காளிக்குப் போயிருக்கும். மொழி என்பது அந்தக் களத்தில் தண்ணீர்க் குழாய் மாதிரி. ஒரு இணைப்பு ஓட்டையாக இருந்தால் கடைசி வீட்டுக்குச் சேறுதான் வரும். நம் இணைப்பை நாம் அடைக்க வேண்டும். மற்றதை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

அதனால் கேட்கிறேன். இந்த இதழையும் கேட்கிறேன், இதைப் போன்ற மற்ற இதழ்களையும் கேட்கிறேன். ஒரு அவசரப் பக்கம் வையுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம், டெங்கி வருடா வருடம் வருகிறது. ஒரே பக்கம். மேலே தேதி. எழுதியவர் பெயர், சரிபார்த்த டாக்டர் அல்லது ஆய்வாளர் பெயர். இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது என்று இரண்டு பத்தி. தவறு தெரிந்தால் அதே பக்கத்தில், அழிக்காமல், கீழே திருத்தம். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதையே மூன்று நிமிடக் குரல் பதிவாக, யாருடைய குரல் என்று பெயர் சொல்லி. சீனர்கள் மூன்று மாதக் குழந்தையான ஒரு வார இதழை வைத்துச் செய்தார்கள். நமக்கு இருபது வருடம் ஓடிய இணைய இதழ்கள் இருக்கின்றன, ஆங்கிலக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளும் டாக்டர்களும் பொறியாளர்களும் வாசகர்களாகவே இருக்கிறார்கள். அவர்களிடம் கவிதை கேட்பதை ஒரு மாதம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். இதற்கு யாருக்கும் ஆய்வுப் புள்ளி கிடைக்காது. முதல் மூன்று பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா கைப்பேசியோடு வந்தார். டெங்கிக்குப் பப்பாளி இலைச்சாறு போதும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று ஒரு குரல். இந்தத் தடவை நான் பொய் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரவில்லை. அரைப் பக்கம் எழுதினேன். காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து, வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே கிளினிக் என்று. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அனுப்பிச் சரிபார்த்தேன், அவர் ஒரு வரியைத் திருத்தினார். பெரியம்மா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். சாயங்காலம் மண்டோர் வந்து கேட்டார்: “தம்பி, அந்தத் தாள்ல எனக்கும் ஒண்ணு குடு. நாளைக்குப் பெரட்டுல சொல்லணும்.”